புறப்பட்ட துறைக்கே திரும்பும் கப்பல்

கப்பலேறுவது ஒரு கரையை விட்டு மறு கரையை அடைவதற்கே என்று மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாக எண்ணி வந்தனர். வணிகன் சரக்கோடு சென்றான்; படைவீரன் ஆயுதத்தோடு சென்றான்; பஞ்சத்தால் அடிபட்டவன் வெறுங்கையோடு சென்றான். ஒருவன் மனைவி மக்களையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுத்துக் கப்பலேறி, ஏழு நாள் கடலிற் சுற்றிவிட்டுப் புறப்பட்ட அதே துறையில் வந்திறங்குவான் என்று நம் பாட்டனாரிடம் யாரேனும் கூறியிருப்பின், அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே அவர் முடிவு செய்திருப்பார். ஆயினும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் இவ்வாறு கப்பலேறினர்.

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27ஆம் நாள் அமெரிக்காவின் மியாமித் துறையிலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பலை நேயர்கள் மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். அதன் நீளம் 365 மீற்றர், தளங்கள் 20. அறைகள் யாவும் நிரம்பினால் 7,600 பயணிகள் வரை தங்கலாம். அவர்களுக்குப் பணி செய்வோர் ஏறத்தாழ 2,350 பேர். 1912இல் மூழ்கிய ‘டைட்டானிக்’ 46,328 தொன் கொள்ளளவுடையது; இதுவோ 248,663 தொன். இந்தத் ‘தொன்’ நிறையைக் குறிப்பதன்று, கப்பலின் உள்ளிடத்தை அளக்கும் அளவை என்பதை மாணாக்கர் பலர் மறந்துவிடுகின்றனர். இவ்வளவு பெரிய உள்ளிடத்திற்குள் நீந்து குளங்களும் நீர்ச்சறுக்கு மேடைகளும் மரஞ்செடிகள் நிறைந்த ஒரு பூங்காவும் உள்ளன. சிறு பிள்ளைகளையுடைய குடும்பங்களுக்கெனத் தனியொரு பகுதியே அமைக்கப்பட்டிருக்கிறது. சுருங்கக் கூறின், இது கடலில் மிதக்கும் ஓர் ஊர்.

ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஏற்றிச் செல்லும் ஊர்தி, தானே போய்ச் சேரும் இடமாக மாறியது எங்ஙனம்?

இக்கதை வேடிக்கையாகவே தொடங்குகிறது. 1835ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெத்லாந்துத் தீவுகளில் ஆர்தர் அன்டர்சன் என்பார் ஒரு பத்திரிகை வெளியிட்டார். முதல் இதழில் இடத்தை நிரப்ப விளம்பரம் போதவில்லை போலும். ஐஸ்லாந்து வரை உல்லாசமாகச் சுற்றிவரும் ஒரு கப்பலுக்கு விளம்பரம் எழுதிவிட்டார். அப்படி ஒரு கப்பலே அன்று இல்லை. ஆனால் இவரே பின்னர் பீ அன்ட் ஓ எனப்படும் புகழ்பெற்ற கப்பற் கம்பனியை நிறுவியவர்களுள் ஒருவரானார். 1844இல் அக்கம்பனி, நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசமாக இடங்கொடுத்து மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டியது. அவர் கெய்ரோ வரை சென்று திரும்பி, அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். எழுத்தாளனுக்கு விருந்தளித்து விளம்பரம் பெறும் தந்திரம் நம் காலத்தார் கண்டுபிடித்ததன்று.

1867இல் நியூயோர்க்கிலிருந்து ‘குவேக்கர் சிற்றி’ என்னும் நீராவிக் கப்பல், ஐரோப்பாவையும் புனித பூமியையும் காணும் ஒரு கூட்டத்தாரோடு புறப்பட்டது. கட்டணம் தலைக்கு 1,250 டொலர். அக்காலத்தில் ஒரு தொழிலாளி ஈராண்டு உழைத்தாலும் அத்தொகையைக் காண்பது அரிது. பயணிகளுட் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த செல்வர். பிள்ளைகளைக் காண்பதே அரிதாயிருந்தது. பத்திரிகைக்கு எழுதவெனச் சென்ற இளைஞர் மார்க் துவெயின் அவர்களை நகையாடி எழுதிய நூல் அவருக்குப் பெரும் புகழ் ஈட்டிக் கொடுத்தது. அவரே 1896இல், கடன் தீர்ப்பதற்காக உலகெங்கும் சொற்பொழிவாற்றிச் சென்ற காலத்திற் கொழும்பிலும் வந்திறங்கினார் என்பது இலங்கையருக்கு உவப்பான செய்தி.

உல்லாசக் கப்பற் பயணத்தை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தவரான அல்பேர்ட் பாலின். இவர் வாழ்க்கை சிறிது விரித்துரைக்கத் தக்கது. 1857இல் எளியதொரு யூதக் குடும்பத்திற் பிறந்த பாலினின் தந்தையார், அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஏழைகளுக்குக் கப்பலில் இடம் பெற்றுக் கொடுக்கும் முகவர் நிலையம் ஒன்றை நடத்தினார். தந்தை இறந்தபோது மகனுக்கு வயது பதினேழு. நிலையத்தின் பொறுப்பு அவர் தலைமேல் விழுந்தது. கிழக்கைரோப்பாவின் ஊர்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடும் அழும் குழந்தைகளோடும் துறைமுகத்தில் வந்து நின்ற குடும்பங்களைக் கப்பலின் அடித்தளத்தில் ஏற்றி அனுப்பும் வணிகத்திலேயே பாலின் வளர்ந்தார். பின்னர் ஹம்பேர்க்–அமெரிக்கக் கம்பனியில் 1886இற் சேர்ந்து, 1899இல் அதன் தலைவருமானார். அக்கம்பனியின் வருவாயிற் பெரும்பங்கு அடித்தளத்து ஏழைகள் கொடுத்த காசே. மேற்றளத்துச் செல்வர் கொடுத்ததன்று.

இத்தொழிலில் ஒரு குறையிருந்தது. குளிர்காலத்தில் வட அத்திலாந்திக்குக் கடல் சீற்றங்கொள்ளும். பயணஞ் செய்வோர் தொகை குறையும். பெரும் பொருட்செலவிற் கட்டிய கப்பல்கள் வருவாயின்றித் துறையில் நிற்கும். நிற்கும் கப்பலுக்கும் செலவு உண்டன்றோ? பாலின் ஒன்றைச் சிந்தித்தார். வடக்கே குளிராயின், கப்பலைத் தெற்கே அனுப்பினால் என்ன? 1891ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22ஆம் நாள் ‘அவுகுஸ்தா விக்டோரியா’ என்னும் கப்பல் 241 பயணிகளோடு குக்ஸ்ஹாவன் துறையிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. கம்பனியிற் பலர் தலையசைத்து நகைத்தனர் என்பர். பாலின் தம் மனைவியாரையும் அழைத்துக்கொண்டு தாமே அதிற் பயணஞ் செய்தார். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துக் கப்பல் திரும்பியபோது நகைத்தவர் வாய் அடைத்தது. கப்பலின் பெயரிலும் ஒரு வேடிக்கையுண்டு. ஜேர்மானியப் பேரரசியின் பெயர் ‘அவுகுஸ்தே’ என முடியவேண்டும். கப்பலில் ‘அவுகுஸ்தா’ என எழுதிவிட்டனர். பிழை திருத்தப்பட ஆண்டுகள் பல சென்றன.

பேரரசியின் பெயரைத் தாங்கிய அக்கப்பலும் குளிர்காலம் நீங்கியதும் மீண்டும் குடிபெயர்வோரை ஏற்றச் சென்றது. ஒரே கப்பல், ஒரு பருவத்தில் ஊரை என்றென்றைக்குமாக விட்டுச் செல்லும் குடும்பங்களைச் சுமந்தது, மறுபருவத்தில் ஊர் திரும்புவோம் என்ற உறுதியோடு உலாவச் சென்றோரைச் சுமந்தது. உல்லாசப் பயணத்தின் வேர் எங்கேயுள்ளது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

உல்லாசத்திற்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பலும் பாலினுடையதே. 1900இல் நீரில் இறக்கப்பட்ட ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ என்னும் அக்கப்பலில் 120 அறைகள். யாவும் முதல் வகுப்பு. உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. புகைப்படம் கழுவுவதற்கு இருட்டறையும் இருந்தது. 1906 டிசம்பரில் அது ஜமேக்காக் கரையிற் பாறையில் மோதிச் சிதைந்தது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். தலைவனோ தன் அறைக்குட் சென்று தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். நூறாண்டு கழித்து, 2012இல் இத்தாலியின் ஜீலியோத் தீவருகே ‘கொஸ்தா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் மாண்டபோது, அதன் தலைவன் பயணிகள் இறங்குமுன்னரே கப்பலை நீங்கியமைக்காகவும் சிறைத் தண்டனை பெற்றான். பாலினின் முடிவும் துயரமானதே. முதலாம் உலகப் போரில் தம் கப்பல்கள் யாவும் கைநழுவக் கண்டு, பேரரசர் முடிதுறந்த 1918 நவம்பர் 9ஆம் நாளிலேயே நஞ்சருந்தி இறந்தார்.

போருக்குப் பின் அமெரிக்கா 1921இலும் 1924இலும் இயற்றிய சட்டங்கள் குடிபெயர்வோர் தொகையை வெகுவாகக் குறைத்தன. அடித்தளங்கள் வெறிதாயின. அவற்றைத் திருத்தி, வெள்ளை விரிப்பு விரித்து, ஆசிரியரும் எழுதுவினைஞரும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் ‘சுற்றுலா வகுப்பு’ எனப் பெயரிட்டனர். இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தமையால், அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் மது விற்றலாகாது. எனவே 1922இல் ‘றிலையன்ஸ்’, ‘றெசொலூட்’ என்னும் இரு கப்பல்கள் பனாமா நாட்டுக் கொடிக்கு மாறின. மதுக்கிண்ணத்திற்காக மாற்றிய கொடி, மதுவிலக்கு நீங்கிய பின்னும் இறக்கப்படவில்லை. அதனால் விளைந்ததைப் பின்னர்க் காண்போம்.

பிள்ளைகள் எங்கே? பெரிய கப்பல்களில் நெடுங்காலம் பிள்ளைகள் தாதியோடு ஓர் ஒதுக்குப்புறத்தில் உணவருந்தினர். பெரியோர் உண்ணும் கூடத்தில் அவர்களைக் கண்டால் முகஞ்சுளிப்போரே மிகுதி. 1935இற் கடலோடிய பிரெஞ்சுக் கப்பல் ‘நோர்மண்டி’யில் பிள்ளைகளின் உணவறைச் சுவர்களிற் ‘பாபார்’ என்னும் கதை யானை வரையப்பட்டிருந்தது. அழகிய அறையே, ஆயினும் அதுவும் தனியறைதான்.

பிள்ளைகளுக்கே கப்பலைக் கொடுத்த ஒரு முயற்சியும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பனி 1932 முதல் பாடசாலை மாணாக்கரைக் கடற்பயணத்திற்கு அழைத்துச் சென்றது. துருப்புகளைக் கப்பலில் அனுப்பும் வழக்கம் ஒழிந்து வந்த 1961இல், ‘டுனேரா’ என்ற துருப்புக் கப்பலை மிதக்கும் பள்ளிக்கூடமாக்கியது. 1968 முதல் ‘உகண்டா’வும் அவ்வாறாயிற்று. வகுப்பறையும் விரிவுரை மண்டபமும் கொண்ட அக்கப்பலில் மாணாக்கர் காலையிற் பாடங் கேட்டு, மாலையில் அப்பாடத்தில் வந்த துறைமுகத்தைக் கண்ணாற் கண்டனர். 1982 ஏப்ரலில் மாணாக்கரை நேப்பிள்ஸ் துறையில் இறக்கிவிட்டு, போக்லாந்துப் போருக்கு மருத்துவக் கப்பலாக ‘உகண்டா’ அழைக்கப்பட்டது. இக்கம்பனியின் பெயர் தமிழருக்குப் புதியதன்று. சென்னையிலும் நாகபட்டினத்திலும் இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ்த் தொழிலாளரை மேற்றளத்திற் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுசென்ற ‘ரஜூலா’வும் அக்கம்பனியின் கப்பலே.

1958 ஒக்டோபரில் தாரை விமானங்கள் அத்திலாந்திக்குக் கடலைத் தாண்டத் தொடங்கின. ஐந்து நாட் பயணம் ஒரு பகலில் முடிந்தது. பத்தாண்டிற்குள் பெருங்கப்பல்கள் பயனற்றவையாயின. புகழ்பெற்ற ‘குயின் மேரி’ 1967இற் கலிபோர்னியாவின் கரையில் விடுதியாகக் கட்டப்பட்டது. கப்பலுக்கு இனிப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவுமில்லை. இங்கேதான் கதை திரும்புகிறது. தெல் அவீவிற் பிறந்த டெட் அறிசன் என்பார் 1972இல் பழைய கப்பல் ஒன்றை வாங்கி, ‘மார்டி கிரா’ எனப் பெயர் மாற்றி, மியாமியிலிருந்து செலுத்தினார். முதற் பயணத்திலேயே அது துறைமுக வாயிலில் மணற்றிட்டில் ஏறி நின்றுவிட்டது. கப்பல் அசையவில்லை, உள்ளே ஆட்டமும் பாட்டும் விருந்தும் நிற்கவில்லை. மக்கள் விரும்புவது கப்பல் சேரும் இடத்தையன்று, கப்பலையே என்னும் உண்மையை அம்மணற்றிட்டு அறிவித்துவிட்டது எனலாம்.

கப்பல்கள் ஏன் புறப்பட்ட துறைக்கே திரும்புகின்றன என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். பிறநாட்டுக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்கத் துறை ஒன்றிலிருந்து மற்றோர் அமெரிக்கத் துறைக்குப் பயணிகளை நேரே கொண்டுசெல்லலாகாது என 1886ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆதலின் மியாமியில் ஏற்றி, பஹாமாஸ் போன்ற அயல்நாட்டுத் தீவு ஒன்றைத் தொட்டு, மீண்டும் மியாமியில் இறக்குவதே இலகுவான வழியாயிற்று. அத்தீவையும் கம்பனியே வாங்கிவிட்டால் இன்னும் இலாபம். 1977இல் ஒரு நோர்வேக் கம்பனி பஹாமாஸில் ஒரு சிறு தீவை வாங்கியது. 1986 முதல் ஹெயிற்றி நாட்டின் லபடீக் கடற்கரை மற்றொரு கம்பனிக்குக் குத்தகையாயிற்று. வேலிக்கு இப்பால் நீராட்டும் விருந்தும். அப்பால் வறுமையே வாழ்வான ஊர்கள். 2010 ஜனவரியில் ஹெயிற்றியைப் பெரும் பூகம்பம் அழித்த சில நாட்களிலேயே உல்லாசக் கப்பல் அங்கு நங்கூரமிட்டது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தோம் என்று கம்பனி கூறியது. கரையிறங்க மனமின்றிக் கப்பலிலேயே தங்கிய பயணிகளும் இருந்தனர்.

குடும்பங்கள் இக்கப்பல்களை நாடுவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. அவற்றை மறைத்தல் முறையன்று. ஒரு குடும்பத்தார் ஊர் பார்க்கப் புறப்பட்டால் புகையிரதம், வாடகை வண்டி, விடுதி, உணவு என ஒவ்வொன்றிற்கும் அலைய வேண்டும். கப்பலிற் பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தாற் போதும். ஊர்கள் தாமாக வருகின்றன. முழங்கால் நோயுள்ள பாட்டியாரும் மூன்று வயதுப் பேரனும் ஒரே நாளில் மகிழ்ந்திருக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. ஆண்டு முழுதும் அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஏழு நாள் அடுப்பில்லை. 1998இல் டிஸ்னி நிறுவனம் குடும்பங்களுக்கெனவே கட்டிய கப்பலைக் கடலில் விட்ட பின்னர், பிள்ளைகளை ஒதுக்கறைக்கு அனுப்பிய கப்பல்கள் பிள்ளைகளை முன்னிட்டே கட்டப்பட்டன. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பழைய பிரிவும் பெரும்பாலும் மறைந்தது.

மறைந்ததா, நீரின் கீழே இறங்கிற்றா என்று கேட்பதற்கும் இடமுண்டு. பாலின் காலத்தில் ஏழைக் குடும்பம் அடித்தளத்திற் பயணியாக இருந்தது. இக்காலத்திற் கடல்மட்டத்தை ஒட்டிய அடித்தளங்களில், சாளரமற்ற சிற்றறையை இருவராகவோ அதற்கு மேற்பட்டோராகவோ பகிர்ந்துகொண்டு வாழ்பவர் தொழிலாளர். அவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, கரிபியத் தீவுகள் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். இலங்கையரும் அவர்களிடையே உளர். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். கப்பலின் கொடி பனாமாவினதோ பஹாமாஸினதோ ஆதலால், அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என அமெரிக்க உயர்நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. 1922இல் மதுவிற்காக மாற்றிய கொடியின் பயன் இதுவே. 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கை, ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அந்த ஓய்வை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கவும் இடமளிக்கிறது. ஆகவே ஒரு நாளிற் பதினான்கு மணி நேரம் வேலை செய்தாலும் விதி மீறப்படுவதில்லை. அறை தூய்மை செய்யும் பரிசாரகர், பயணிகளின் பிள்ளைகளை மகிழ்விக்கத் துவாய்களை மடித்து யானையும் குரங்கும் செய்து கட்டிலில் வைப்பது வழக்கம். அவருடைய பிள்ளைகள் தந்தையைக் காண்பது தொலைபேசித் திரையில்.

2020இற் பெருநோய் பரவியபோது இவ்வமைப்பின் உள்ளமைப்பு வெளிப்பட்டது. யப்பானின் யோகோகாமாத் துறையிற் தடுத்துவைக்கப்பட்ட ‘டயமண்ட் பிரின்செஸ்’ கப்பலின் 3,711 பேரில் 712 பேரை நோய் பற்றியது. பயணிகள் அறைகளில் அடைபட்டிருக்க, தொழிலாளர் சமைத்து வாசல்தோறும் உணவு கொண்டுசென்றனர். பின்னர் பயணிகள் வீடு சேர்ந்தனர். பல்லாயிரம் தொழிலாளரோ துறைமுகங்கள் மூடியிருந்தமையாற் பல மாதம் கடலிலேயே இருந்தனர்.

இன்று இவ்வகைப் பயணம் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 1990இல் மியாமியின் குறுகிய பயணங்களுக்கெனக் கட்டப்பட்ட ஒரு கப்பல், ‘எம்பிரெஸ்’ என்னும் பெயரோடு 2023 ஜூனிற் சென்னையிலிருந்து புறப்பட்டு, அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் தொட்டு, காங்கேசன்துறைக்கு முன்னே நங்கூரமிட்டது. போரினால் நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்த அத்துறையில் பயணிகள் படகுகளில் வந்திறங்கினர். மேளதாளத்தோடு வரவேற்பு நிகழ்ந்தது.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த மற்றொரு வருகை அவ்வளவு பேசப்படவில்லை. 2020 ஜனவரியில் இத்தாலியிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட ‘எம். எஸ். சி. மக்னிபிகா’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 2,700 பேர் இருந்தனர். மார்ச்சு மாதத்திலிருந்து அவர்களை எந்தத் துறையும் கரையிறங்க விடவில்லை. ஏப்ரல் 6ஆம் நாள் அது எரிபொருள் நிரப்புவதற்காகக் கொழும்புக்கு வந்தது. அக்கப்பலில் இருந்த ஒரே இலங்கையர் ஒரு சமையற்காரர். தம் நாட்டுக் கரை கண்ணுக்கெதிரே தெரியும் வேளையில் தம்மை இறக்கிவிடுமாறு அவர் கைத்தொலைபேசியிற் பேசி அனுப்பிய வேண்டுகோள் நாடெங்கும் பரவியது. அரசு இணங்கியது. பாதுகாப்பு உடை தரித்த கடற்படையினர் படகிற் சென்று அவரை ஏற்றி, கிருமிநீக்கம் செய்து, தனிமைப்படுத்தும் நிலையத்திற்குக் கொண்டுசென்றனர். நோயுற்ற மூதாட்டி ஒருவரும் சிகிச்சைக்காக இறக்கப்பட்டார். மற்றப் பயணிகள் கொழும்பை மேற்றளத்திலிருந்து பார்த்தனர். எண்ணெய் நிரப்பியதும் கப்பல் மேற்கே திரும்பி, ஏப்ரல் 20ஆம் நாள் பிரான்சின் மார்செய்த் துறையை அடைந்தது.